'வெர்னாகுலர் ரீஜன்': பண்பாட்டு மண்டலமா, வழங்கு வட்டாரமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு பகுதியில் வாழும் மக்களே அதற்குப் பெயரிட்டுப் பேச்சில் வழங்கினால், அதை மனிதப் புவியியலில் 'வெர்னாகுலர் ரீஜன்' என்பார்கள். அதற்குப் 'பண்பாட்டு மண்டலம்' என்று எழுதலாம் என்ற முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் வடகிழக்கில் அடுத்தடுத்துள்ள வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய இரு மாநிலங்களில் அச்சொல்லைப் பொருத்திப் பார்த்தால் அது எங்கே இடறுகிறது என்பது தெரியும்.

இரண்டுக்கும் நடுவே கனெக்டிகட் ஆறு ஓடுகிறது. நியூ ஹாம்ப்ஷயரின் ஆளுநராயிருந்த பென்னிங் வென்ட்வொர்த் 1749 முதல் ஆற்றுக்கு மேற்கிலும் நிலங்களை வழங்கி வந்தார். அதே நிலத்துக்கு நியூயார்க்கும் உரிமை கோரவே, இரண்டுக்கும் ஆற்றின் மேற்குக் கரையே எல்லை என்று 1764இல் பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் அரசு ஆணையிட்டது. நியூயார்க்கின் ஆட்சியை ஏற்க மறுத்த மேற்குக் கரையினர் 1777இல் வெர்மான்ட் என்னும் தனிக் குடியரசாகி, 1791இல்தான் பதினான்காவது மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தனர். எல்லை இவ்வாறு மேலிருந்து வந்ததே தவிர, மக்கள் வேறுபட்டதால் வந்ததன்று. ஊரார் நேரில் கூடி ஊரின் வரவு செலவுக்கு வாக்களிக்கும் கூட்டமும், வெண்ணிற மரத் தேவாலயமும், பனி உருகும் காலத்தில் மேப்பிள் பாகு காய்ச்சுவதும் இரு கரைக்கும் பொது. ஆகவே, பண்பாட்டை அளவுகோலாகக் கொண்டால் இரு மாநிலங்களும் ஒரே மண்டலம்.

ஆனால் அங்குள்ளவர்களிடம் அப்படிச் சொன்னால் ஒப்புவார்களா என்பது ஐயமே. நியூ ஹாம்ப்ஷயரில் பொது விற்பனை வரியும் இல்லை, சம்பளத்துக்கு மாநில வருமான வரியும் இல்லை. வெர்மான்டில் இரண்டும் உண்டு. வெர்மான்ட் 1968இலேயே சாலையோர விளம்பரப் பலகைகளுக்குத் தடை விதித்தது. நியூ ஹாம்ப்ஷயரின் முழக்கம் 'சுதந்திரமாக வாழ் அல்லது மடி'. வெர்மான்டின் முழக்கம் 'சுதந்திரமும் ஒற்றுமையும்'. அம்முழக்கங்களின் வேறுபாட்டில் இரு மாநிலங்களின் அரசியலும் அடங்கிவிடுகிறது என்றுகூடச் சொல்வேன்.

இவற்றுக்கிடையே, கிழக்குக் கரையின் ஹானோவர், லெபனான் ஆகிய ஊர்களும் மேற்குக் கரையின் நார்விச், ஹார்ட்ஃபோர்ட் ஆகிய ஊர்களும் அடங்கிய பகுதியை அங்குள்ளோர் 'அப்பர் வேலி' என்கிறார்கள். அப்பெயரில் அரசு ஏதுமில்லை. சட்டம் வகுத்த எல்லையும் இல்லை. ஆயினும் ஹானோவரும் நார்விச்சும் மாநில எல்லையைத் தாண்டி 1963இல் ஒரு பொதுப் பள்ளி மாவட்டத்தையே அமைத்துக்கொண்டன. கிழக்குக் கரையின் பதினாறு ஊர்கள் 1778இல் வெர்மான்டோடு இணைய முயன்றதை நினைத்தால் இந்த நெருக்கம் புதிதன்று. 'வெர்னாகுலர் ரீஜன்' குறிப்பது இதைத்தான்: ஆய்வாளர் அளந்து வகுத்ததன்று, மக்கள் தம் வாயால் பெயரிட்டு வழங்குவது.

'மண்டலம்' என்றதும் ரயில்வே மண்டலமும் மாநகராட்சி மண்டலமும் நினைவுக்கு வருகின்றன. அதிகாரி கோடு போட்ட வாடை அச்சொல்லில் இருக்கிறது. 'பண்பாடு' என்பதோ ஆய்வாளரின் தீர்ப்பைச் சுட்டுகிறது. பொருளளவில் மிக நெருங்கி வருவது 'கொங்கு நாடு' என்பதில் உள்ள 'நாடு'தான். ஆனால் அது இன்று இறையாண்மையுள்ள தேசத்துக்கு உரியதாகிவிட்டது. 'வழக்கு வட்டாரம்' என்றால் வட்டார வழக்கைத் திருப்பிப்போட்டதாகத் தோன்றும். நீதிமன்றமும் குறுக்கே வரும்.

எனவே 'வழங்கு வட்டாரம்' என்று முன்மொழிகிறேன். இது வினைத்தொகை, 'வழங்குபெயர்' என்பதில் உள்ள அதே பொருளில் 'வழங்கு' இங்கும் வருகிறது. இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரே தன்மை பரவிய பகுதியை 'ஒத்த வட்டாரம்' என்றும், ஒரு நகரை மையமாகக் கொண்டு போக்குவரத்தும் தொழிலும் இயங்கும் பகுதியை 'இயங்கு வட்டாரம்' என்றும் சொன்னால் மூன்றும் ஓர் இனமாக நிற்கும். ஊர்க்கூட்டமும் தேவாலயமும் பரவிய இரு மாநிலங்களும் ஒத்த வட்டாரம். பலர் நாள்தோறும் பாஸ்டன் பக்கம் வேலைக்குச் சென்று திரும்பும் தெற்கு நியூ ஹாம்ப்ஷயர், பாஸ்டனின் இயங்கு வட்டாரத்தில் அடங்கும். அப்பர் வேலி வழங்கு வட்டாரம்.

உணவு வழங்கல் துறையை நினைவூட்டுகிறது என்ற மறுப்பு வரக்கூடும். அங்கே 'வழங்கல்' என்னும் தொழிற்பெயர் தனித்து நிற்பதால் அப்பொருள் எழுகிறது; 'அப்பர் வேலி இரு மாநிலங்களில் பரவிய வழங்கு வட்டாரம்' என்று எழுதிப் பார்த்தபோது எனக்கு அரிசி மூட்டை நினைவு வரவில்லை. உங்களுக்கு வருகிறதா என்று எழுதுங்கள்.