உள்ளே வளர்ந்த மிளகாய்க் கன்று வெளியே வைத்ததும் வெளுத்துவிட்டது. பகல் குறைந்ததாலா?

நல்லூர் மொட்டைமாடி:
மாரிக்கு முன் கன்று கையில் இருக்கட்டும் என்று ஆவணி பிறந்ததும் தட்டில் மிளகாயும் தக்காளியும் போட்டேன். வெளியே அணிலும் சோளகக் காற்றும் விடாது என்பதால் அறைக்குள் எல்ஈடி விளக்கின் கீழ், தினமும் 16 மணி நேரம். 5 கிழமையில் ஆறேழு இலையுடன் கரும்பச்சையாக நின்றன. ஞாயிறு காலை 9 மணிக்கு மொட்டைமாடியில் வைத்தேன். மாலையில் பார்த்தால் மேல் இலைகள் வெளுத்து, காகிதம் போல் ஆகிவிட்டன. ஈரம் குறையவில்லை. 16 மணி நேர வெளிச்சம் திடீரென்று 12 ஆனதுதான் காரணமா? இரவில் மாடியிலும் விளக்குப் போடவா? கனடாவிலிருந்து மாமி கொண்டுவந்த பெரிய வெங்காய விதையும் முளைத்திருக்கிறது. அதையாவது காப்பாற்ற வேண்டும்.

சாவகச்சேரி:
பங்கசு போல் இருக்கிறது. மருந்து அடித்துப் பாருங்கள்.

கோப்பாய்த் தோட்டம்:
மருந்தை ஒரு பக்கம் வையுங்கள் தங்கச்சி. மேல் இலையின் நிழல் விழுந்த கீழ் இலைகள் பச்சையாகத்தானே நிற்கின்றன? அப்படியென்றால் இது வெயில் சுட்டது. பங்கசு ஒரே பகலில் இப்படி வெளுக்க வைக்காது.

விளக்கு நம் கண்ணுக்குத்தான் பிரகாசம். மத்தியான வெயில் அதைவிடப் பல மடங்கு. உள்ளே வளர்ந்த இலைக்கு மேல்தோல் மெல்லியது, காற்றும் பட்டதில்லை. ஆகஸ்ட் கடைசியில்தான் சூரியன் எங்கள் தலைக்கு நேரே போனது, இன்னும் அதிகம் சரியவில்லை. அதோடு மாடிக் கொங்கிறீட், கறுத்தப் பை! வேரும் வெந்திருக்கும்.

கன்றுகளைக் கீழே இறக்கி 3 நாள் விறாந்தையில் வையுங்கள். பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். மத்தியானத்தில் கிடுகு நிழல் கட்டாயம். பத்து நாள் காணும். வெளுத்த இலை திரும்பப் பச்சையாகாது, அதற்காகப் பிடுங்கவும் வேண்டாம். குருத்து உயிரோடு இருந்தால் துளிர்க்கும். துளிர்க்கும்வரை யூரியாவைத் தொடாதீர்கள்.

பகல் நீளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மிளகாயும் தக்காளியும் அதைப் பெரிதாகப் பார்க்கிற பயிர் இல்லை. இரவு விளக்கு வீண் செலவு.

டொரொண்டோ பால்கனி:
அண்ணை சொன்னது சரி. நாங்கள் இங்கே குளிருக்குப் பயந்து கன்றைப் பழக்குகிறோம், அங்கே வெயிலுக்கு!

ஆனால் வெங்காயம் வேறு கதை. இங்கே விற்கிற விதை பெரும்பாலும் நீண்ட பகல் வகை. பகல் 14 மணி நேரமாவது போனால்தான் குமிழ் கட்டும். இங்கே ஜூனில் 15 மணி நேரத்தைத் தாண்டும். யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலே 12 மணி 40 நிமிடம் அளவுதான், டிசம்பரில் பதினொன்றரை. அந்த வகை உங்கள் வளவில் தாள்தான் விடும். பைக்கற்றில் என்ன வகை என்று மாமியிடம் கேளுங்கள்.

நல்லூர் மொட்டைமாடி:
கேட்டேன், நீண்ட பகல் வகையேதான். சரி, இன்னொன்று. வாசல் விளக்கடியில் நிற்கும் செவ்வந்தி போன வருடம் பூக்கவே இல்லை. அதற்கும் இதுதானா?

கோப்பாய்த் தோட்டம்:
அதற்கு இதுதான். செவ்வந்திக்கு நீண்ட, இடையில் வெளிச்சம் படாத இரவு வேண்டும். விடிய விடிய விளக்கு எரிந்தால் அது இன்னும் பகல் நீளம் என்று நினைத்து இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். சாடியைப் பின்வளவுக்கு மாற்றுங்கள்.

நல்லூர் மொட்டைமாடி (12 நாள் கழித்து):
30 கன்றில் 22 தப்பிவிட்டன, குருத்து வடிவாக வருகிறது. செவ்வந்தி கிணற்றடிக்குப் போய்விட்டது. வெங்காயத்தாளை முட்டைப் பொரியலுக்கு வளர்க்கிறேன், மாமிக்கு இன்னும் சொல்லவில்லை. நேற்று வானம் இருட்டியதும் பயத்தில் எல்லாத் தட்டையும் உள்ளே தூக்கிவிட்டேன்.

கோப்பாய்த் தோட்டம்:
தூறலுக்கு விடுங்கள், நனையட்டும். அடித்துப் பெய்தால் மட்டும் விறாந்தைக்கு.