காந்தக் கவ்வி: புல் வெட்டும் டிராக்டரின் கிளட்சுக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கிளட்சுக்கு "உரசிணைப்பி" என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே, மின்காந்தத்தால் ஒட்டும் கிளட்சுக்கு அதன் முன்னால் "மின்காந்த" சேர்த்துக்கொண்டால் போதாதா என்று சென்ற மடலில் கேட்டிருந்தீர்கள். போன மாதம்வரை நானும் அதையே சொல்லியிருப்பேன். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பில் புல் வெட்டும் சிறு டிராக்டரைப் பழுது பார்த்தபின் மாறிவிட்டேன்.

அதில் எஞ்சினின் சுழற்சியைக் கத்திக்குக் கொடுப்பது இந்த மின்காந்தக் கிளட்ச்தான்; சுவிட்சை இழுத்தால் ஒரு தட்டு காந்தத்தில் ஒட்டிக் கத்தி சுற்றும். காலையில் நன்றாக வெட்டும் வண்டி அது. அரை மணி ஓடியபின் மரத்தடியில் கத்தியை நிறுத்திவிட்டு, மறுபடி சுவிட்சை இழுத்தால் கத்தி சுற்றாது. ஆறவிட்டால் சுற்றும். "கிளட்ச் புடிக்கவே மாட்டேங்குதுங்க" என்றார் தோப்புக்காரர். காயில் (காந்தத்தை உண்டாக்கும் செப்புக் கம்பிச் சுருள்) எரிந்துவிட்டது, கிளட்சையே மாற்ற வேண்டும் என்று வேறொரு கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பெல்ட் இறுக்கமாகவே இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தேன். "டக்" என்று தட்டு ஒட்டியது. காயிலின் தடை 2.9 ஓம். இந்த வகைக் காயில்கள் பெரும்பாலும் 2 முதல் 4 ஓமுக்குள் இருக்கும், ஆக எரியவில்லை. பிறகு வண்டியை ஓடவிட்டு, சூடாகிக் கத்தி சுற்ற மறுத்த அந்த நேரத்தில் கிளட்ச் பிளக்கில் அளந்தேன்: 13.6 வோல்ட். அப்படியென்றால் சுவிட்ச், இருக்கைக்கு அடியில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச், ஒயர் எதிலும் குறையில்லை. சூட்டோடு காயிலை அளந்தால் 3.7 ஓம். செம்பு சூடேறினால் தடை கூடும், அது இயல்பு. ஆனால் 4.7 ஆம்பியர் ஓடிய இடத்தில் இப்போது 3.7 தான் ஓடுகிறது. காந்த இழுவை குறைந்துவிட்டது.

குறைந்த இழுவைக்கும் ஒட்ட வேண்டிய தட்டு ஏன் ஒட்டவில்லை? சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. காந்தமாகும் சுழல்தட்டுக்கும் அதில் ஒட்ட வேண்டிய தட்டுக்கும் இடையே 0.3 முதல் 0.45 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டிய கிளட்ச் அது. தேய்ந்து தேய்ந்து 0.8 ஆகியிருந்தது; அவ்வளவு தூரத்துக்குக் குறைந்த இழுவை எட்டவில்லை. இடைவெளியைச் சரிசெய்யும் மூன்று நட்டுகளையும் ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மூன்று இடத்திலும் 0.4 வைத்தேன். அதன் பிறகு சூட்டிலும் பிடிக்கிறது. புதுக் கிளட்ச் தேவைப்படவில்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இரண்டு தட்டுகளையும் சேர்த்துப் பிடிப்பது உராய்வு விசைதான், மறுக்கவில்லை. ஆனால் நம் பேச்சில் உரசுவது என்றால் வழுக்கிக்கொண்டு தேய்வது. இந்தக் கிளட்ச் நன்றாக இருக்கும்போது ஒட்டியபின் உரசாது. உரசினால் அது பழுது. பழுதின் பெயரையே பொருளுக்கு வைக்கலாமா?

"பற்றி" நல்ல வேர்ச்சொல். ஆனால் "காந்தப்பற்றியைப் பற்றி" என்று எழுத வேண்டிவரும். கையேட்டில் படிப்பவர் தடுமாறுவார். அதனால் "காந்தக் கவ்வி" என்பதை முன்வைக்கிறேன். மின்சாரம் வந்தால் கவ்வுகிறது, நின்றால் ஸ்பிரிங் தட்டைப் பின்னிழுத்து பிரேக் கட்டையில் அழுத்திக் கத்தியை நிறுத்துகிறது. கவ்வுகிறது, கவ்வவில்லை, பாதி கவ்வுகிறது என்று வினையாகவும் வரும். பட்டறையில் பழுதைச் சொல்ல வினைதான் வேண்டும். "புடிக்கல" என்று சொல்லிப் பழகிய வாய்க்கு "கவ்வல" அந்நியமாகப் படாது. பல கார்களின் ஏசி கம்ப்ரசரின் முன்னால் இருப்பதும், பிரேக் கட்டை தவிர, இதே அமைப்பு என்பதால் அங்கேயும் பொருந்தும்.

கவ்வி என்றால் கிளாம்ப், கிளிப் என்றும் சிலர் எழுதுகிறார்களே என்பது நியாயமான மறுப்பு. "காந்த" என்ற முன்னொட்டு அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் என்று நம்புகிறேன்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அந்த 0.4 மில்லிமீட்டருக்கு ஒரு பெயர். "காற்றிடைவெளி" என்றால் காற்றோட்டத்துக்காக விட்டது போலத் தோன்றுகிறது. கவ்வுவதற்காக விட்ட இடம் என்பதால் "கவ்விடை" என்று எழுதிப் பார்த்தேன். பெயர் இருந்தால்தானே "கவ்விடையை அளந்தாயா?" என்று காயிலைக் குறை சொல்லுமுன் கேட்க முடியும்? ஒட்டும் தட்டுக்கு "கவ்வுதட்டு" சரிவருமா என்பதில் எனக்கு இன்னும் முழு நிறைவில்லை. உங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து