நாயைத் திரும்பக் கூப்பிட எந்தக் கொம்பு ஊதலாம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பென்னாகரம் பக்கம், சிப்பிப்பாறை நாய் வளர்ப்பவர்

கொம்பு வாங்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் நாய் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் தென்பகுதியில் மாட்டுக் கொம்பும், இங்கிலாந்தில் ஒன்பது பத்து அங்குலச் செம்புக் கொம்பும் ஊதுகிறார்கள். அவர்கள் கூப்பிடுவது மோப்ப நாய்களை. அவை குரைத்துக்கொண்டே போகும், எங்கே இருக்கின்றன என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். நம் நாட்டு நாய்களான சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்துபவை. முயல் கண்ணில் பட்டு ஓட்டம் எடுத்துவிட்டால் எந்தக் கொம்புக்கும் திரும்பாது. முயல் புதருக்குள் மறைந்ததும் நின்று, தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கும். அப்போது ஊத வேண்டும். அந்த நேரம் கொஞ்சந்தான். அதனால் வாயில் வைத்த முதல் மூச்சிலேயே ஒலிக்கிற கொம்புதான் நமக்கு வேண்டும், பார்க்க அழகாக இருந்து என்ன பயன்?

முயல் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நான் ஊதுவதே நாய் அதன் பின்னால் போய்விடாமல் இருக்கத்தான். எங்கள் கொல்லைக்கு அந்தப் பக்கம் காடு, காட்டில் சிறுத்தை.

தேன்கனிக்கோட்டையிலிருந்து

அண்ணா சொன்னதோடு செய்முறையையும் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் வயதாகி இறந்த ஹள்ளிகார் காளையின் கொம்பைத்தான் எடுத்தோம். அந்த இனத்துக்குக் கொம்பு நீளம். உள்ளே காற்று போகிற வழி நீண்டால் ஒலி கீழே இறங்கும். குட்டைக் கொம்பு கீச்சென்று கேட்கும்.

தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்தால் உள்ளே இருக்கும் எலும்பு தளர்ந்து கழன்றுவிடும். நாற்றம் தாங்காது, வீட்டுக்குத் தள்ளி அடுப்பு வையுங்கள். நுனி கெட்டியாக இருக்கும். அதைக் கொஞ்சம் அறுத்து, உட்குழிவு வரைக்கும் மெல்லிய துளை போட வேண்டும். ஊதும் வாயைச் சின்னக் கிண்ணம் போலக் குடைந்து, உதட்டில் உறுத்தாமல் தேய்த்துவிடுங்கள். இதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. கடையில் வாங்கினாலும் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். விளிம்பு சொரசொரப்பாக இருந்தால் உதடு சரியாக அதிராது, வெறும் காற்றுதான் வரும். வெயிலில் போட்டால் வெடிக்கும். பூச்சியும் அரிக்கும், அவ்வப்போது விளக்கெண்ணெய் தடவி வைக்கிறேன்.

மான் கொம்பு சரிப்படுமா என்று கேட்ட தம்பிக்கு: புள்ளிமான், கடமான் கொம்பு கெட்டி எலும்பு. உள்ளே குழிவு கிடையாது, ஊதவே முடியாது. வைத்திருந்தாலே வழக்கு வரும்.

தருமபுரி நகரத்திலிருந்து

கொம்பு எதற்கு, மனிதக் காதுக்குக் கேட்காத விசில் போதுமே என்கிறார்கள். நாய்க்கு ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கு 20,000தான் என்பது உண்மை. ஆனால் உச்ச சுருதி ஒலி காற்றிலும் இலையிலும் சீக்கிரம் தேய்ந்துவிடும். விசில் ஒலித்ததா இல்லையா என்பதும் நமக்குத் தெரியாது. வீட்டு முற்றத்துக்கு அது போதும். கரடும் முட்புதரும் இருக்கிற இடத்தில் தாழ்ந்த சுருதி ஒலிதான் தூரம் போகும். நான் கொம்புப் பக்கந்தான்.

எதை வாங்கினாலும் குட்டியிலேயே பழக்குங்கள். ஊதிவிட்டுச் சோறு வைக்க வேண்டும், வேறு எதற்கும் ஊதக் கூடாது. திட்டுவதற்காகக் கூப்பிட்டால் அடுத்த முறை வராது. ஊதும் முறையை மாற்றவும் கூடாது. எங்கள் வீட்டில் நான் ஒரு நீளம், இரண்டு குட்டை ஊதுவேன். மகனும் அப்படியே ஊதுகிறான், யார் ஊதினாலும் கன்னி வருகிறது.

நாட்டு நாய்க்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று சிலர் கேட்பது எனக்கு வருத்தம். பக்கத்துச் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், இறந்த வீரனோடு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற நாயையும் செதுக்கி, கோவிவன் என்று பெயரையும் பொறித்திருக்கிறார்கள். அந்த மண்ணில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா?

வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் கேட்டு வெளியே எடுத்துப் போய் ஊதிப் பாருங்கள். கூட வந்தவரை எதிர்க்காற்றில் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கடைக்குள் எல்லாக் கொம்பும் பலமாகத்தான் கேட்கும். ஆலம்பாடி மாட்டுக் கொம்பில் செய்து ஊதுகிறவர்கள் யாராவது இருந்தால் ஒலி எப்படி என்று எழுதுங்கள், அடுத்து அதைத்தான் செய்யலாம் என்றிருக்கிறேன்.