புயல் ஓய்ந்து நான்கு நாள்: முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை கனூவில் போகலாமா?

நீலாங்கரைவாசி:
வணக்கம் நண்பர்களே. நாங்கள் காலேஜ் காலத்து நண்பர்கள் நான்கு பேர், கையில் காற்றடைக்கும் கனூ (துடுப்பு போடும் சிறு படகு) இரண்டு. முட்டுக்காட்டில் இறங்கி பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகத் தெற்கே நெம்மேலி, பட்டிபுலம் தாண்டி மாமல்லபுரம் வரை போவது, நடுவில் ஓர் இரவு தங்குவது என்று ரொம்ப நாளாகப் பேசி வைத்திருந்தோம். இப்போது புயல் கரை கடந்து நான்கு நாளாகிறது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, பெங்களூர் நண்பர்கள் லீவும் போட்டுவிட்டார்கள். கால்வாயில் தண்ணீர் நிறைய இருக்கும், தரை தட்டாமல் போய்விடலாம், இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் அவர்களிடம் சொல்லக் காரணமும் பிடிபடவில்லை. எல்லோருக்கும் நீச்சல் தெரியும், லைஃப் ஜாக்கெட்டும் இருக்கிறது. அந்தப் பக்கம் துடுப்பு போட்டவர்கள் சொல்லுங்கள்.

துடுப்புக்காரன்:
போகாதீர்கள். வானத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இல்லை இது. மழை நின்ற பிறகுதான் தண்ணீர் வந்து சேரும். தென்சென்னையின் ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பி வழிந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்கு பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர்கிறது. நீங்கள் படகை இறக்கப் போவதும் அங்கேதான். 2024இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது நவம்பர் 30 இரவு, ஆனால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டு தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கியது டிசம்பர் 2 அன்று. இங்கே அணை இல்லைதான், ஆனாலும் தண்ணீர் தாமதமாக வரும் கணக்கு ஒன்றுதான்.

நண்பர்களை ஒருமுறை கடல் நீர் வற்றும் நேரமாகப் பார்த்து ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வெள்ளத்தின் வேகமும் கடல் நீர் இறங்கும் வேகமும் சேர்ந்து கடல் பக்கமாக இழுக்கும். பாலத்துத் தூணின் ஒரு பக்கம் தண்ணீர் மேடாக ஏறி, மறுபக்கம் பள்ளமாகச் சுழல்வது கண்ணுக்குத் தெரிந்தால் அங்கே கனூவுக்கு வேலையே இல்லை. இதில் நீச்சல் தெரிவது பெரிய உதவி ஆகாது.

இன்னொன்று, விழுந்த மரங்கள். கரையில் சவுக்கும் சீமைக்கருவேலமும் சாய்ந்து கிடக்கும். கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து போய்விடும், படகும் ஆளும் போக முடியாது, பின்னால் வரும் நீர் அப்படியே வைத்து அழுத்தும். தப்பித்தவறி மரத்தின் மேல் மோதப் போகிறீர்கள் என்றால் மரத்தின் பக்கமாகச் சாயுங்கள். பயத்தில் எல்லோரும் எதிர்ப்பக்கம்தான் சாய்வார்கள், உடனே படகின் விளிம்பு தாழ்ந்து தண்ணீர் ஏறிக் கவிழ்ந்துவிடும். உங்களுடையது காற்றடைக்கும் படகு வேறு, கருவேல முள் ஒன்று போதும்.

கோவளத்தான்:
மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில். வெள்ளம் முகத்துவாரத்து மணல் திட்டை அறுத்து இடம் மாற்றிவிடும், போன மாதம் ஆழமாக இருந்த இடம் இப்போது திட்டாகக் கிடக்கும். வலை கட்ட நட்ட கம்புகள் பாதி முறிந்து தண்ணீருக்கு அடியில் நிற்கும், அறுந்த வலை அதில் சுற்றியிருக்கும், கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியாது. நாங்களே இந்த வாரம் உப்பங்கழியில் படகு இறக்கவில்லை. எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் கரையில் வலை பின்னுகிறவர்களிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள் தம்பி. பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அன்று புயலும் இல்லை.

ஆலிவ் ரிட்லி:
கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். லீவு போட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். முகத்துவாரத்தையும் கால்வாயையும் விட்டுவிட்டு, ஓட்டமே இல்லாத ஏதாவது ஏரியில், உள்ளூர் ஆட்களிடம் கேட்டுக்கொண்டு, கரையை ஒட்டி ஒரு காலை துடுப்பு போடலாமே? உபரி நீர் வழியும் கலங்கலும், தண்ணீர் திறந்துவிடும் மதகும் இருக்கும் பக்கம் மட்டும் போகவே கூடாது.

வார்டு சிஸ்டர்:
ஏரியோ கால்வாயோ, வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்திருக்கும். காலில் சின்னக் கீறல் இருந்தாலே எலிக்காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும் என்பதால் படகு விட்டதையே மறந்திருப்பீர்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு என்றால் வெள்ளத் தண்ணீரில் இறங்கியதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முன்கூட்டியே மாத்திரை வேண்டுமா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

நீலாங்கரைவாசி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இந்தத் திரியை அப்படியே குரூப்பில் போட்டேன். ஒருவன் இன்னமும் முணுமுணுக்கிறான், சனிக்கிழமை அவனைப் பாலத்தில் நிறுத்திக் காட்டப் போகிறேன். ஏரியும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். சரி, கால்வாய்க்கு எப்போது வரலாம்?

துடுப்புக்காரன்:
பொங்கல் முடியட்டும். தண்ணீர் தெளிந்து ஓட்டம் அடங்கியிருக்கும், வாடைக்காற்று முதுகுப் பக்கம் இருப்பதால் தெற்கே போவதும் சுலபம். கிளம்பும் முன் ஒருவர் பைக்கில் கரையோரமாகப் போய், எங்கெங்கே மரம் குறுக்கே கிடக்கிறது, எங்கே ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது என்று பார்த்து வந்துவிடுங்கள்.