கதிர்காமப் பாதயாத்திரை: உகந்தைக்கு அப்பால் இரவு எங்கே தங்கலாம்?

கேள்வி:
இலங்கையின்ர கிழக்குக் கரையில பொத்துவில் பக்கமிருந்து கதிர்காமம் முருகன் கோயிலுக்கு ஆறு பேர் நடந்து வாறம். அம்மாவுக்கு 60 வயது. குமனைக் காட்டுக்குள்ள இரவுத் தங்கலை எப்பிடிப் பிரிக்கிறது?

பதில் 1:
தம்பி, உகந்தை முருகன் கோயிலடியில ஒரு இரவு முழுசா ஆறுங்கோ. பிறகு தங்கிற இடங்கள் வரிசையா குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம், அடுத்தது கதிர்காமம். குமுக்கன் ஆற்றங்கரைதான் நல்ல இடம்: மருதமர நிழல், குளிக்கத் தண்ணி. அம்மாவுக்கு அங்க இன்னொரு இரவு குடுத்தாலும் நல்லது. நாவலடிப் பக்கம் வறட்சி. தண்ணி கொண்டு வாற பவுசர் வண்டி வரும் எண்டு நம்பாமல் ஆளுக்கு 4 லீற்றர் ஆற்றிலயே நிரப்புங்கோ; கொதிக்க வைச்சுத்தான் குடிக்க வேணும்.

பதில் 2:
பின்னேரம் 4 மணிக்கு முன்னம் இடம் பிடியுங்கோ. யானைத்தடத்திலயும் தண்ணிக்கு இறங்கிற வழியிலயும் பாய் விரிக்கக் கூடாது. பெரிய கூட்டத்தோட சேர்ந்து படுங்கோ. விறகு இரவு முழுக்க எரிய வேணும். சூட்டு மணல் சப்பாத்துக்குள்ள போனால் கால் கொப்பளிக்கும், அதால விடிய 5 மணிக்கே வெளிக்கிடுங்கோ.

பதில் 3:
காட்டுப்பாதை ஆடித் திருவிழாவை ஒட்டிச் சில நாள்தான் திறக்கும், திகதி வருசா வருசம் மாறும். அறிவித்தல் பார்க்காமல் வெளிக்கிடாதேங்கோ. பொலித்தீன் வேண்டாம், அரிசி, பருப்பு துணிப்பையில.