முக்கோணக் குறி பார்த்துச் சேர்த்த டப்பாக்கள் திரும்பி வந்துவிட்டன, எங்கே தப்பு?

கேள்வி:
மூன்று வாரமாக வீட்டில் சேர்ந்த பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவிக் காயவைத்து, அடியில் முக்கோணக் குறி இருந்ததை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தேன். எடுக்க வந்தவர் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பித் தந்துவிட்டார். தண்ணீர் பாட்டில், ஷாம்பு பாட்டில், பார்சல் வந்த கறுப்பு டப்பாக்கள், எண் தேய்ந்துபோன சில பாட்டில்கள், 3 என்று போட்ட ஒன்று, இவ்வளவுதான் இருந்தது. மறுசுழற்சிக் குறி இருந்தும் ஏன் எடுக்கவில்லை? இத்தனையும் குப்பைக்குப் போகும் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை.

பதில் 1:
அது மறுசுழற்சிக்கு உத்தரவாதம் தரும் குறி இல்லை. 1988-இல் அமெரிக்காவின் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த அடையாளம்; உள்ளே இருக்கும் எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்லும். இந்தக் குழப்பத்தால்தான் 2013-இல் அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். பழைய அச்சில் வார்த்தவை இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

முதலில் அந்த 3-ஐ வெளியே எடுங்கள். அது பிவிசி. தண்ணீர் பாட்டில் 1, அதாவது பெட். பெட் உருகச் சுமார் 260 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து அமில வாயுவை விடும். கொஞ்சம் கலந்தாலும் பெட் மஞ்சளாகி வலுவிழந்துவிடும். நீங்கள் கழுவிச் சேர்த்த நல்ல பாட்டில்களையும் அது கெடுக்கும்.

பதில் 2:
கறுப்பு டப்பாவும் ஒரு காரணமாக இருக்கும். பிரிக்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பி வருவதை வைத்து வகையைக் கண்டுபிடிக்கும். கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கரித்தூள் அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. நல்ல பிளாஸ்டிக்காக இருந்தாலும் இயந்திரத்துக்குத் தெரியாது.

கேட்டவர்:
சரி, புரிகிறது. எண் தேய்ந்ததை என்ன செய்வது? மூடிகளைக் கழற்ற வேண்டுமா?

பதில் 1:
ஒரு சிறு துண்டு வெட்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் மூழ்க வேண்டியதும் சில சமயம் மேலேயே நிற்கும். மிதந்தால் பெரும்பாலும் 2, 4, 5-இல் ஒன்று. பெட்டும் பிவிசியும் மூழ்கும். அப்போது பாட்டிலின் அடியைப் பாருங்கள்: நடுவில் சிறு புள்ளி இருந்தால் பெரும்பாலும் பெட், குறுக்கே ஒட்டுக்கோடு ஓடினால் பிவிசியாக இருக்கலாம், சேர்க்காதீர்கள்.

மூடி வேறு வகை, 2 அல்லது 5. அரைத்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் அது மிதக்கும், பெட் மூழ்கும். அதனால் சில இடங்களில் மூடியோடே கேட்பார்கள், சில இடங்களில் கழற்றச் சொல்வார்கள். எந்தெந்த எண் எடுப்பார்கள், மூடி வேண்டுமா என்று வருபவரிடமே கேட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
கேட்டேன். 1, 2, 5 மட்டும், மூடியோடு, தனித்தனியாகக் கொடுக்கச் சொன்னார். எண் தேய்ந்தவற்றில் நான்கு மிதந்தன, ஆனால் 4-ஆகவும் இருக்கலாமே என்று அவரிடமே காட்டினேன்; தடவிப் பார்த்து மூன்றை எடுத்துக்கொண்டார். மூழ்கிய ஒன்றில் கோடு இருந்தது, அதை ஒதுக்கிவிட்டேன். கறுப்பு டப்பாக்களில் இப்போது ஆணி, திருகு போட்டு வைத்திருக்கிறேன்.