பழைய ஹார்ட் டிஸ்கைப் புது பிசியில் மாட்டினால் பூட் ஆகவில்லை

பீன்யா_கணக்கு:
வணக்கம். பெங்களூரு பீன்யாவில் சின்ன ஒர்க்‌ஷாப் ஆபீஸ். பழைய டெஸ்க்டாப் 4ஆம் தலைமுறை ஐ5, 1 டிபி சாட்டா ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7இலிருந்து அப்கிரேடு ஆன விண்டோஸ் 10. அந்த டிஸ்கைக் கழற்றிப் புது பிசியில் (12ஆம் தலைமுறை ஐ5, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது) மாட்டினால், பூட் டிவைஸ் எதுவும் இல்லை என்று கறுப்புத் திரை. பயாஸில் (பிசியின் தொடக்க செட்டிங் திரை) சாட்டா லிஸ்டில் டிஸ்க் பெயர் தெரிகிறது, பூட் ஆர்டரில் இல்லை. பழைய பெட்டியில் திரும்பப் போட்டால் ஜம்மென்று ஓடுகிறது. டாலி (கணக்கு மென்பொருள்) டேட்டா முழுக்க டி டிரைவில். ஃபார்மட் பண்ணாமல் வழி உண்டா?

கேபிள்_ராஜா:
விண்டோஸ் பென்டிரைவ் போட்டு பூட்ரெக் கமாண்டுல ஃபிக்ஸ்எம்பிஆர், ஃபிக்ஸ்பூட் ரெண்டும் அடிங்க பாஸ். சாட்டா கேபிளையும் மாத்திப் பாருங்க, எஸ்பி ரோடுல கிடைக்கும்.

சிவாஜிநகர்_சாலிடர்:
கேபிள் பழுதென்றால் சாட்டா லிஸ்டிலேயே டிஸ்க் வந்திருக்காது. பூட்ரெக்கும் இங்கே உதவாது. ஃபிக்ஸ்எம்பிஆர் டிஸ்கின் முதல் செக்டாரைத்தான் திருத்தும். புது போர்டு அந்த செக்டாரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

விண்டோஸ் 7 காலத்து இன்ஸ்டால் என்றால் அநேகமாக எம்பிஆர் டிஸ்க் (பழைய பார்ட்டிஷன் அட்டவணை முறை), லெகசி பூட் (பழைய பயாஸ் முறை). புது போர்டு யுஇஎஃப்ஐ (அதற்கு அடுத்து வந்த பூட் முறை). அது டிஸ்கில் ஃபேட்32 ஃபார்மட்டில் பூட் ஃபைல்கள் உள்ள ஒரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தேடும். உங்கள் டிஸ்கில் அது இல்லை, அதனால்தான் டிஸ்க் தெரிந்தும் பூட் ஆர்டரில் வரவில்லை. பயாஸில் சிஎஸ்எம் (லெகசி பூட்டுக்கு வழிவிடும் வசதி) ஆன் பண்ணலாமே என்று யாராவது சொல்வார்கள். 500 வரிசை சிப்செட் தொடங்கி இன்டெல்லின் உள் கிராபிக்ஸுக்கு லெகசி ஆதரவு இல்லை. தனி கார்டு இல்லாத உங்கள் பிசியில் அந்தக் கதவு மூடியாச்சு.

பழைய பெட்டியில் டிஸ்க்பார்ட் (டிஸ்கைப் பிரிக்கும் விண்டோஸ் டூல்) திறந்து லிஸ்ட் டிஸ்க் அடியுங்கள் (கமாண்டுகளை ஆங்கிலத்தில் அடிக்கணும், நான் உச்சரிப்பைத்தான் எழுதுகிறேன்). ஜிபிடி (யுஇஎஃப்ஐக்கு ஏற்ற புது அட்டவணை முறை) என்ற கடைசி நெடுவரிசையில் நட்சத்திரம் இருக்கிறதா? பிறகு டிஸ்கை செலக்ட் பண்ணி லிஸ்ட் பார்ட்டிஷன் அடித்து, வருவதை அப்படியே போடுங்கள்.

பீன்யா_கணக்கு:
நட்சத்திரம் இல்லை. சிஸ்டம் ரிசர்வ்டு 100 எம்பி பிரைமரி, சி பிரைமரி, அப்புறம் எக்ஸ்டெண்டட், அதற்குள் டி, ஈ இரண்டும் லாஜிக்கல். எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு டூல் இருக்கிறதாமே, அதில் வேலிடேட் அடித்தேன், ஃபெயில்டு என்கிறது.

சிவாஜிநகர்_சாலிடர்:
ஃபெயில் ஆகத்தான் செய்யும். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து வரும் அந்த டூல் டேட்டாவை அழிக்காமல் மாற்றித் தரும், நல்ல டூல்தான். ஆனால் அதிகபட்சம் மூன்று பிரைமரி பார்ட்டிஷன், எக்ஸ்டெண்டட் கூடவே கூடாது. நம்ம ஊர்க் கடைகளில் சி, டி, ஈ என்று கூறுபோட்டுக் கொடுத்த டிஸ்கெல்லாம் இங்கேதான் மாட்டும்.

மாரத்தஹள்ளி_மதர்போர்டு:
அந்த டிஸ்கை மாத்தவே வேண்டாம் சார். எம்பிஆர் டிஸ்கிலிருந்து பூட் பண்ணத்தான் முடியாது, டேட்டா டிஸ்காகப் புது பிசியில் தாராளமாப் படிக்கும். ஒரு 500 ஜிபி என்விஎம்ஈ எஸ்எஸ்டி (போர்டின் எம்.2 ஸ்லாட்டில் மாட்டுற வேகமான டிஸ்க்) வாங்கி சி டிரைவை மட்டும் அதுக்குக் கொண்டுபோங்க. சாட்டா வகை எம்.2 எஸ்எஸ்டியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், என்விஎம்ஈன்னு கேட்டு வாங்குங்க.

முதல்ல டாலி டேட்டாவை வெளி டிஸ்குக்கு காப்பி. பழைய மெஷின்லயே டாலி லைசன்ஸை சரண்டர் பண்ணிடுங்க. பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) இருந்தா ஆஃப் பண்ணுங்க. ஷிஃப்டை அழுத்திட்டே ஷட்டவுன் கொடுங்க, இல்லேன்னா ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் பாதி ஹைபர்நேட்ல விட்டுடும். யுபிஎஸ் இல்லாம வேலையைத் தொடங்காதீங்க, பீன்யா கரண்ட் உங்களுக்கே தெரியும்.

ரெண்டு டிஸ்கையும் புது பிசியில் மாட்டி, 8 ஜிபி விண்டோஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி ஷிஃப்ட்+எஃப்10 அடிங்க, கமாண்டு விண்டோ திறக்கும். எஸ்எஸ்டி லிஸ்ட்ல வரலேன்னா பயாஸ்ல விஎம்டி (இன்டெல்லின் ஸ்டோரேஜ் செட்டிங்) ஆன்ல இருக்கும், ஆஃப் பண்ணுங்க. இங்கே டிரைவ் எழுத்து மாறி வரும். டிஐஆர் அடிச்சு எது பழைய சி, எது டின்னு பார்த்துக்குங்க.

டிஐஎஸ்எம் /கேப்சர்-இமேஜ் கொடுத்து சியை டி டிரைவ்ல ஒரு விம் ஃபைலா (சி டிரைவின் நகல்) எடுங்க. டியில் இடம் இருக்கணும். அடுத்து டிஸ்க்பார்ட்ல எஸ்எஸ்டியை செலக்ட் பண்ணி கிளீன், கன்வெர்ட் ஜிபிடி. கிளீன் அடிக்கிறதுக்கு முன்னாடி டிஸ்க் சைஸை ரெண்டு தடவை பாருங்க. நம்பர் தப்பினா டாலி போச்சு. ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் 260 எம்பி ஃபேட்32, எழுத்து எஸ். எம்எஸ்ஆர் (விண்டோஸ் தனக்கு ஒதுக்கி வைக்கிற பகுதி) 16 எம்பி. மிச்சம் என்டிஎஃப்எஸ், எழுத்து டபிள்யூ. டிஐஎஸ்எம் /அப்ளை-இமேஜ், இன்டெக்ஸ் 1, டபிள்யூக்கு. கடைசியா பூட் ஃபைல்களை எழுத பிசிடிபூட் டபிள்யூ:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யுஇஎஃப்ஐ.

சிவாஜிநகர்_சாலிடர்:
இதில் ஒரு ஓட்டை. பழைய டிஸ்கின் சி, டி எழுத்துகள் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைக்கும் இடம்) மவுண்டட்டிவைசஸ் கீயில் பதிந்திருக்கும். அப்படியே விட்டால் புது விண்டோஸ் பழைய பார்ட்டிஷனையே சி என்று நினைத்து லாகின் பக்கத்தில் நிற்கலாம். ரெக் லோட் மூலம் டபிள்யூவில் உள்ள சிஸ்டம் ஹைவை (ரெஜிஸ்ட்ரி ஃபைல்) திறந்து, அந்தக் கீயின் மதிப்புகளை ரெக் டெலீட் /விஏ கொண்டு அழித்து, மறக்காமல் அன்லோட் பண்ணுங்கள். முதல் பூட்டுக்குப் பழைய டிஸ்கின் சாட்டா கேபிளை உருவிவிடுங்கள்.

பீன்யா_கணக்கு:
எல்லாம் செய்தாச்சு. இப்போது விண்டோஸ் லோகோ வருகிறது, பிறகு நீலத்திரை: இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்.

மாரத்தஹள்ளி_மதர்போர்டு:
லோகோ வந்துட்டா பூட்லோடர் சரி. இது டிரைவர் கதை. இந்த விண்டோஸ் இதுவரை என்விஎம்ஈயைப் பார்த்ததே இல்ல, அந்த டிரைவர் தூங்குது. பென்டிரைவ்ல மறுபடி போய், எஸ் எழுத்தைத் திரும்பக் கொடுத்து, அங்கே இருக்கிற பிசிடி ஸ்டோர் (பூட் செட்டிங் ஃபைல்) மேல பிசிடிஎடிட் ஓட்டி டிஃபால்ட்டுக்கு சேஃப்பூட் மினிமல் செட் பண்ணுங்க. சேஃப் மோடில் ஒருமுறை முழுசா ஏறட்டும். பின் நம்பர் எடுக்காமப் போகலாம், பாஸ்வேர்டு கையில இருக்கட்டும். உள்ளே போனதும் எம்எஸ்கான்ஃபிக்ல சேஃப் பூட் டிக்கை எடுத்துட்டு ரீஸ்டார்ட்.

பீன்யா_கணக்கு:
ஏறிவிட்டது! பழைய டிஸ்கை மாட்டியதும் டேட்டா டிரைவ் எஃப் என்று வருகிறது, டாலி கம்பெனியைக் காணோம் என்கிறது.

சிவாஜிநகர்_சாலிடர்:
டிஸ்க் மேனேஜ்மென்டில் அதற்கு டி எழுத்தைக் கொடுங்கள், டாலி பழைய பாதையிலேயே கண்டுபிடித்துவிடும். டி எழுத்தை வேறேதாவது பிடித்திருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள். விண்டோஸ் ஆக்டிவேஷன் கேட்டால், தனியாக வாங்கிய விண்டோஸ் 10 ரீடெயில் கீ என்றால் இங்கே போடலாம். பழைய பெட்டியோடு வந்த ஓஇஎம் லைசன்ஸ் அந்த போர்டோடு சரி, புதிது வாங்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, வாங்குவதானால் 11ஆகவே வாங்குங்கள்.